மனை வாங்கினால் ஊர் கிடைத்துவிடுமா?

இருபது ஆண்டுகள் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்த ஒரு சபராளியிடம், "இதுவரை எத்தனை வீடு மாறியிருப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது. விரல்விட்டு எண்ணத் தொடங்குவார். தேராவில் எட்டுப் பேர் தங்கிய அறை, கம்பெனி கேம்ப், ஷார்ஜாவில் நண்பரோடு பகிர்ந்துகொண்ட ஃப்ளாட், குடும்பத்தை அழைத்தபோது எடுத்த ஒற்றைப் படுக்கையறை வீடு, குடும்பம் ஊர் திரும்பியதும் மறுபடியும் பேச்சிலர் ரூம். ஒரு கை விரல்கள் தீர்ந்து மறு கைக்கு வந்திருப்பார். பக்கத்தில் நிற்கும் மனைவி, "நாங்க இங்கே மாறின வீட்டையும் சேர்த்துக்குங்க" என்பார்.

இப்படி மாறி மாறிக் களைத்தவரின் கைபேசிக்கு ஒரு விளம்பரம் வருகிறது. "சென்னைக்கு மிக அருகில், மின்சார ரயில் வசதியுடன், அமைதியான கிராமச் சூழலில் வீட்டு மனைகள்." படத்தில் தென்னை மரம், கருங்கல் சாலை, வண்ணக் கொடிகள். இடம் திருவள்ளூருக்கு அப்பால். கடம்பத்தூர், மணவூர், திருவாலங்காடு என்று ஏதோ ஒரு பெயர். "இனி மாற வேண்டாம், இதுதான் கடைசி வீடு" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அடுத்த மாதச் சம்பளத்திலேயே முன்பணம் போய்ச் சேர்கிறது.

இந்த ஆசையில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் மனை வாங்குவது வேறு, ஓர் ஊரில் குடியேறுவது வேறு. முதலாவதற்குப் பணம் போதும். இரண்டாவதற்கு வேறு சில தேவை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாததால் நம் சகோதரர்கள் பலரின் வாழ்நாள் சேமிப்பு முள்வேலிக்குள் முடங்கிக் கிடக்கிறது. திருவாலங்காட்டை ஓர் எடுத்துக்காட்டாக வைத்து இதைப் பார்ப்போம்.

நாம் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறோம்?

வளைகுடாவில் வீடு மாறுவது நம் விருப்பத்தால் நடப்பதில்லை. அங்கே நம் இருப்பே வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் விசா போகும். விசா போனால் வீடும் போகும். வேலை நீடித்தாலும், நகரத்தின் விதி மாறினால் நாம் மூட்டை கட்ட வேண்டும்.

2008-இல் துபாய் மாநகராட்சி, 'ஒரு வில்லாவில் ஒரு குடும்பம்' என்ற விதியைக் கடுமையாக்கியது. பெரிய வில்லாக்களைத் தடுப்புகளால் பிரித்து வாடகைக்குக் குடியிருந்த குடும்பங்கள் வெளியேற வேண்டியதாயிற்று. 2025 ஜூனிலும் அதே நகரில் அல் ரிகா, முரக்கபாத், சத்வா, பர்ஷா போன்ற பகுதிகளில் சட்டவிரோதத் தடுப்பு அறைகள் மீது நடவடிக்கை பாய்ந்தது. விற்பதற்காகவோ தான் குடியேறுவதற்காகவோ வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்லும் உரிமையாளர் 12 மாத அவகாசம் தர வேண்டும் என்று துபாய்ச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவருக்கே அந்தப் பாதுகாப்பு. பெட் ஸ்பேஸில் படுத்திருப்பவருக்கு அப்படி ஓர் ஒப்பந்தமே இருப்பதில்லை.

சவூதியில் வேறு கணக்கு. 2017 ஜூலையில் குடும்ப உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. ஆண்டுக்கு 100 வீதம் கூடி, 2020-இல் 400 ரியால் ஆனது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடன் இருந்தால் மாதம் 1,600, ஆண்டுக்கு 19,200 ரியால். நடுத்தரச் சம்பளக்காரர் என்ன செய்வார்? குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனி அறைக்கு மாறினார். அந்த ஆண்டுகளில் பள்ளிக்கூடத்தின் நடுவகுப்பில் ஊர் திரும்பிய பிள்ளைகள் நம் வீடுகள் பலவற்றில் உண்டு.

குவைத்தை மறக்க முடியாது. 1990-இல் போர் மூண்டபோது சுமார் 1,70,000 இந்தியர்கள் அம்மான் வழியாக விமானத்தில் தாயகம் அழைத்துவரப்பட்டார்கள். கட்டிய துணியோடு வந்தவர்கள் எத்தனையோ பேர். 2024 ஜூன் 12 அன்று அதே நாட்டின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பற்றி எரிந்ததில் உயிரிழந்தவர்களில் 40-க்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். ஏழு பேர் தமிழர்கள். ஒரே கட்டடத்தில் அளவுக்கு மீறிப் பேர் தங்க வைக்கப்படுவது வாடகைப் பிரச்சினையோடு நின்றுவிடுவதில்லை என்பதை அந்த விடியற்காலை காட்டியது.

ஆக, நம் சபராளி நாடோடி மனம் கொண்டவர் என்பதால் மாறவில்லை. நிற்க இடம் தராத மண்ணில் நிற்பதால் மாறுகிறார்.

சிங்கப்பூர் சொல்லும் பாடம்

இதே தமிழ் முஸ்லிம்கள் இன்னொரு மண்ணில் வேரூன்றியதையும் பார்க்க வேண்டும். கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூருக்குப் போனவர்களில் பலர் குடும்பத்தோடு போனார்கள். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் சேர்ந்து வாழ்ந்தார்கள். 1941-இலேயே 'சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்' என்று சங்கம் அமைத்தார்கள். பிள்ளைகள் அங்கேயே படித்தார்கள். பிற்காலத்தில் குடியுரிமையும் கிடைத்தது; வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளும் கிடைத்தன. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சிங்கப்பூர்தான் ஊர்.

அவர்கள் வளைகுடாவுக்குப் போனவர்களைவிடப் பணக்காரர்களாகப் போகவில்லை. குடும்பம் கூட இருந்தது, பக்கத்தில் சொந்த ஊர்க்காரர்கள் இருந்தார்கள், பிள்ளைக்குப் பள்ளி இருந்தது, நாளடைவில் சட்டமும் இடம் தந்தது. குடியேறுதல் என்பது இந்த நான்கும் சேர்ந்தது. மனைப் பத்திரம் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

2015-இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் வாழும் தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம் பேர் என மதிப்பிட்டது. சிங்கப்பூருக்கு அடுத்து ஐக்கிய அரபு அமீரகம், சவூதி என்ற வரிசை. வளைகுடாவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு நாள் திரும்பியே ஆக வேண்டும். எங்கே திரும்புவது என்பதே இப்போதைய கேள்வி.

ஊரில் வீடு இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் யாருக்கு? காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்குத் திருமணத்தின்போது வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டில் வாழ்வதும் நெடுநாள் வழக்கம். அங்கே சபராளியின் முதல் பத்தாண்டுச் சம்பாத்தியம் தங்கைக்கு வீடாகிறது. அடுத்த பத்தாண்டு மகளுக்கு வீடாகிறது. பிற ஊர்களில் தந்தையின் மனையில் கட்டிய வீடு, தந்தை மறைந்ததும் வாரிசுகள் அனைவருக்கும் பங்காகிறது. ஐம்பத்தைந்து வயதில் திரும்பி வரும்போது, தான் கட்டிய வீட்டில் தானே விருந்தாளியாக இருப்பவர்களை நாம் அறிவோம்.

இன்னொரு வகை, பூட்டிய வீடு. அடுத்த மாநிலமான கேரளத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஆளில்லாமல் இருந்தன. அவற்றில் வளைகுடாப் பணத்தில் எழுந்தவை எத்தனை என்று அங்குள்ளவர்களுக்குத் தெரியும். நம் கடலோர ஊர்களிலும் மாடி வீட்டின் மேல்தளத்தில் புறாக்கள் குடியிருப்பதைப் பார்க்கிறோம். பிள்ளைகள் சென்னையில் படிக்கிறார்கள் என்பதால் குடும்பம் சென்னையில் வாடகைக்கு இருக்கிறது. ஊர் வீடு நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் மட்டும் திறக்கப்படுகிறது.

பிள்ளைகளை விட்டுத் தொலைவில் உள்ள ஊருக்குப் போக முடியாது. சென்னைக்குள் வாங்கக் கையில் பணம் இல்லை. அப்போதுதான் கண் மேற்கே, அறுபது கிலோமீட்டர் தள்ளிப் போகிறது.

திருவாலங்காடு எப்படிப்பட்ட ஊர்?

திருவள்ளூர் மாவட்டம், திருத்தணி வட்டத்தில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம் திருவாலங்காடு. சைவர்களுக்கு இது காரைக்கால் அம்மையாரோடு தொடர்புடைய திருத்தலம். ஐந்து சபைகளில் ஒன்றான ரத்தின சபை இங்குள்ளது. சென்னை–அரக்கோணம் மின்சார ரயில் பாதையில், சென்னை சென்ட்ரலிலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டரில் இதே பெயரில் நிலையம் இருக்கிறது. 1856-இல் ராயபுரத்திலிருந்து ஆற்காடு நோக்கிப் போடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை இந்த வழிதான். ஆனால் ரயில் நிலையம் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். இறங்கிச் சில கிலோமீட்டர் போக வேண்டும். விளம்பரத்தில் 'ஸ்டேஷன் அருகில்' என்று வரும்போது, அந்தக் கடைசிச் சில கிலோமீட்டரை இரவு ஒன்பது மணிக்கு எதில் கடப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கொசஸ்தலை ஆற்றுப் படுகை. நெல்லும் கரும்பும் விளையும் பூமி. திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பது இந்த ஊரில்தான். அதாவது, நாம் 'காலி நிலம்' என்று பார்ப்பது பலருக்கு இன்றும் வயல்.

இது எல்லைப் பகுதியும்கூட. திருத்தணி வட்டம் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முதலியோரின் போராட்டத்துக்குப் பின் தமிழ்நாட்டோடு இணைந்தது. தமிழும் தெலுங்கும் சேர்ந்து புழங்கும் பகுதி. இதன் நடைமுறைப் பொருள்: மூலப்பத்திரம் 1960-க்கு முந்தையது என்றால் அது தெலுங்கில் இருக்கக்கூடும். படிக்கத் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. அன்றிலிருந்து திருவள்ளூர் மாவட்டத்தில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும், "இதுவும் சென்னைதான்" என்று சொல்லி விலை கூறுகிறார்கள். எல்லை வரைபடத்தில் சேர்வதால் நாளையே குடிநீர்க் குழாயும் பேருந்தும் வந்துவிடாது. மனைக்கு அனுமதி தர வேண்டியது சி.எம்.டி.ஏ.வா, நகர் ஊரமைப்பு இயக்ககமா என்பதுதான் உடனே மாறும். அதையே முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முப்பத்தொரு செப்பேடும் ஒரு துண்டுப் பிரசுரமும்

இந்த ஊரின் பெயர் வரலாற்றில் நிலைத்ததே ஒரு நில ஆவணத்தால்தான். 1905-இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தவை. பக்கத்துப் பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்லும் ஆவணம். முப்பத்தொரு ஏடுகள். நிலத்தின் எல்லைகள் விரிவாக எழுதப்பட்டு, பொறுப்பானவர்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டவை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தைக் கொடுக்க அத்தனை எழுதினார்கள். நாமோ ஒரு வண்ணத் துண்டுப் பிரசுரத்தையும் ஓர் உறவினரின் 'நல்ல இடம்தான் மச்சான்' என்ற வாட்ஸ்அப் குரலையும் நம்பிப் பணம் அனுப்புகிறோம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்வதற்காகவே குர்ஆனின் மிக நீண்ட வசனம் அமைந்திருக்கிறது என்பதைத் தெரிந்தும் இப்படிச் செய்கிறோம்.

பார்க்க வேண்டியவை சில. அவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

விவசாய நிலம்: வெளிநாட்டில் வேலை செய்பவராக இருக்கும்வரை, அன்னியச் செலாவணி விதிகளின்படி இந்தியாவில் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை நீங்கள் வாங்க முடியாது. வாரிசாகக் கிடைத்தால் வைத்திருக்கலாம். வீடு, வீட்டு மனை, கடை வாங்கத் தடையில்லை. ஆகவே, "ஒரு ஏக்கர் வாங்கி மாமரம் வைத்து நிம்மதியாக இருக்கலாம்" என்ற கனவு, நிரந்தரமாக ஊர் திரும்பிய பிறகுதான் சட்டப்படி சாத்தியம்.

மனைப்பிரிவு அனுமதி: 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லப்படும் காகிதம் மனைப்பிரிவுக்கு அனுமதி ஆகாது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது நினைவிருக்கும். அப்போது தவித்தவர்களில் விடுமுறையில் பத்திரம் பதிய வந்த சபராளிகளும் அடக்கம். பின்னர் 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன; அவை 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்கானவை. இன்று புதிதாகப் பிரிக்கப்படும் மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் ரெரா பதிவும் வேண்டும். அந்தப் பதிவு எண்ணைத் தமிழ்நாடு ரெராவின் தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

நிலத்தின் வகை: கோயில் நிலம், வக்ஃபு நிலம், அரசுப் புறம்போக்கு ஆகியவற்றை உரிய அனுமதியின்றிப் பதிவு செய்யக் கூடாது என்கிறது பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு. கோயில் ஊர்களில் கோயில் நிலம் இருப்பது இயல்பு. அதைத் தெரிந்தோ தெரியாமலோ வாங்கிவிடக் கூடாது. வக்ஃபு நிலம் பறிபோகிறதே என்று வருந்தும் நாம், இன்னொரு சமயத்தாரின் அறக்கட்டளை நிலத்திலும் அதே கவனத்தோடு இருக்க வேண்டும். வில்லங்கச் சான்று, பட்டா, 'அ' பதிவேடு, புல வரைபடம் நான்கையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். வில்லங்கச் சான்று மட்டும் போதாது. ஏரி, ஓடை எதுவும் அந்தப் புல எண்ணில் உண்டா என்பதை வருவாய் ஆவணங்கள்தான் காட்டும்.

பவர் பத்திரம்: பொது அதிகாரப் பத்திரத்தின் மூலம் 'விற்பனை' செய்வது உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. வெளிநாட்டில் இருந்து நீங்கள் பவர் அனுப்பினால், இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். வாங்குவதற்கு மட்டும் என்று வரம்பு போட்டு எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

பழையனூர் என்றதும் நீலி கதை நினைவுக்கு வரும். 'நீலிக்கண்ணீர்' என்ற சொல்லே இந்த வட்டாரக் கதையிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். வணிகன் ஒருவனைத் தன் கணவன் என்று அழுது நிற்கிறாள் நீலி. ஊர்ப் பெரியவர்கள் எழுபது பேர் அவள் கண்ணீரை நம்பி, "உனக்கு ஏதும் ஆனால் நாங்கள் உயிரைத் தருகிறோம்" என்று வணிகனுக்கு ஜாமீன் நிற்கிறார்கள். அவன் கொல்லப்படுகிறான், எழுபது பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றித் தீயில் இறங்குகிறார்கள். கதையின் பாதி, விசாரிக்காமல் நம்பியதன் விலை. மறுபாதி, கொடுத்த வாக்கின் மதிப்பு. இன்றைய இடைத்தரகர் நமக்காக உயிரைத் தர வேண்டாம். வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தந்தால் போதும். அதற்கும் ரசீது வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

யார் பெயரில்?

நம் குடும்பங்களில் மனக்கசப்பு தொடங்கும் இடம் இது. மகன் பணம் அனுப்புகிறான். தந்தை தம் பெயரில் வாங்குகிறார். தந்தை இறந்ததும் அது அவருடைய சொத்தாகவே கருதப்பட்டு வாரிசுகளுக்குப் பங்காகும். சகோதரிகள் பங்கு கேட்பது அவர்களின் உரிமை. "என் பணம்" என்று மகன் சொல்ல ஆவணம் இருக்காது. இருவர் பக்கமும் நியாயம் இருந்தும் குடும்பம் பிரிகிறது.

தம்பி பெயரில் மட்டும் வாங்கிப் போடுவதும் ஆபத்து. 2016-இல் திருத்தப்பட்ட பினாமிச் சட்டம், மனைவி அல்லது பிள்ளை பெயரில் கணக்கில் காட்டிய பணத்தில் வாங்குவதை ஏற்கிறது. உடன்பிறந்தவர், பெற்றோர் என்றால் உங்கள் பெயரும் கூட்டு உரிமையாளராகப் பத்திரத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பதால் வாங்க முடியாத விவசாய நிலத்தைத் தம்பி பெயரில் வாங்கி வைப்பவர்கள் இரண்டு சட்டங்களில் ஒரே நேரத்தில் சிக்குகிறார்கள்.

அன்பளிப்பாகக் கொடுப்பதானால் ஹிபாவை முறையாக எழுதி, நிலத்தை உடைமையாகவும் ஒப்படைத்து, பதிவும் செய்துவிடுங்கள். வாய்ச்சொல்லில் விட்டது பிள்ளைகளுக்குள் வழக்காகிறது.

வாங்குவதற்கு முன் ஒரு நிய்யத்

இந்த மனை எதற்கு? குடியிருக்கவா, விலை ஏறியதும் விற்கவா? இந்தக் கேள்வியை மார்க்கமும் நம்மிடம் கேட்கிறது. வீடு கட்டிக் குடியிருக்க வாங்கிய மனைக்கு ஜகாத் இல்லை. விற்று லாபம் பார்க்கும் நோக்கில் வாங்கியது வணிகப் பொருள், அதன் சந்தை மதிப்புக்கு ஆண்டுதோறும் ஜகாத் உண்டு என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. "இருக்கட்டும், பார்ப்போம்" என்று வாங்கியவர் ஜகாத் கணக்குப் பார்க்கும்போதாவது தன் நோக்கத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

விற்பதற்கு என்றால் அது முதலீடு. முதலீட்டுக்கான கணக்கைப் போடுங்கள்: அவசரத்துக்கு எத்தனை நாளில் விற்கும், மருத்துவச் செலவு வந்தால் கைகொடுக்குமா என்று. சென்னைக்கு வெளியே விற்பனைக்குக் காத்திருக்கும் மனைகளில் உங்களுடையதும் ஒன்றாக நிற்கும்.

குடியேறுவதற்கு என்றால் கேள்விகள் வேறு. வருமானம் என்ன? சர்க்கரை ஆலையும் வயலும் உள்ள ஊரில் ஐம்பது வயது ஏசி மெக்கானிக்கோ கணக்கரோ என்ன செய்வார்? தினமும் ரயிலில் சென்னை போய்வர உடல் ஒத்துழைக்குமா? நெஞ்சுவலி வந்தால் எங்கே ஓடுவது? திருவள்ளூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டிருக்கிறது. ஆனால் நள்ளிரவில் அதுவரை போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? மகளின் கல்லூரிப் பேருந்து எந்த இடம்வரை வரும்? ஜுமுஆவுக்கு எங்கே போவீர்கள்? எந்த ஜமாஅத்தில் சந்தா கட்டுவீர்கள்? சொல்லத் தயங்கினாலும் கேட்டே ஆக வேண்டும்: மையவாடி எங்கே? மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்காவுக்கு இடம் காட்டுவார்கள். இதற்கு யாரும் காட்ட மாட்டார்கள்.

இந்தக் கேள்விகளைப் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்களிடம் நாம் கேட்பதில்லை. ஆள் துபாயிலோ ரியாதிலோ இருக்க, புது ஊரில் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கப் போவது மனைவிதான். பக்கத்து மனையில் முள்செடியும், தெருவிளக்கு இல்லாத சாலையும் அவருக்கு என்ன தரும் என்று அவரிடம் கேட்டபிறகு முன்பணம் கொடுங்கள்.

ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள்

நாம் சொல்லும் யோசனை எளிமையானது. குடியேற நினைக்கும் ஊரில் முதலில் வாடகைக்குப் போங்கள். ஒரு கோடை, ஒரு மழைக்காலம், ஒரு ரமளான், ஒரு பள்ளி ஆண்டு அங்கே கழியட்டும். "ஏற்கெனவே இத்தனை வீடு மாறிவிட்டோமே, இன்னொன்றா?" என்று கேட்பீர்கள். இத்தனை முறை முதலாளிக்காகவும் விசாவுக்காகவும் மாறினீர்கள். ஒரே ஒரு முறை உங்களுக்காக மாறிப் பாருங்கள்.

கணக்கும் இதற்கு ஆதரவாகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்து லட்ச ரூபாய் மனைக்கு 90,000 ரூபாய் பதிவுக்கே போகிறது. மாத வாடகை 8,000 என்று வைத்துக்கொண்டால் ஓராண்டுக்கு 96,000. ஏறக்குறைய பதிவுச் செலவின் அளவுக்கு, அந்த ஊர் உங்களுக்குச் சரிப்படுமா என்பது தெரிந்துவிடும். சரிப்படவில்லை என்றால் இழப்பு ஓராண்டு வாடகை. மனை வாங்கிக் கட்டியபின் தெரிந்தால் இழப்பு இருபது ஆண்டு உழைப்பு.

"அதற்குள் விலை ஏறிவிடுமே" என்பது நியாயமான அச்சம். ஏறலாம். ஆனால் ஓராண்டு அங்கேயே இருந்தவருக்கு எந்தத் தெருவில் மழைநீர் நிற்கும், எந்தக் கிணற்றில் மே மாதம் தண்ணீர் இருக்கும், யார் சொல் நம்பத்தக்கது என்பதெல்லாம் தெரியும். அவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கினாலும் சரியான இடத்தை வாங்குவார்.

இன்னொரு பயனும் உண்டு. நிலம் வாங்கி வேலி போட்டவரை ஊர் வெளியாள் என்று பார்க்கும். வாடகைக்கு வந்து, கடையில் பேசி, மழையில் அண்டை வீட்டுக்காரரின் மோட்டாருக்குக் கை கொடுத்து, அவர்கள் வீட்டுத் திருமணத்துக்குப் போனவரை ஊர் தன் ஆளாகப் பார்க்கும். பல சமயத்தாரும் இரு மொழியாரும் நெடுங்காலமாகச் சேர்ந்து வாழும் எல்லையோரப் பகுதி இது. அங்கே அண்டை வீட்டாரோடு பழகுவதுதான் வேலியைவிடப் பாதுகாப்பு.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

தனிமனிதர் மட்டும் இதைச் சுமக்க வேண்டியதில்லை. வளைகுடாவில் நம் ஊர்ச் சங்கங்கள் இஃப்தாரும் மருத்துவ முகாமும் சிறப்பாக நடத்துகின்றன. ஆண்டுக்கு ஒரு முறை ஒரு சொத்து வழக்கறிஞரை அழைத்து, ஆவணங்களை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்கக் கூடாதா? ஊர் ஜமாஅத்துகள் பத்திரம் பார்த்துச் சொல்லும் இரண்டு பேரை அடையாளம் காட்டக் கூடாதா? அயலகத் தமிழர் நலவாரியத்தில் பதிவு செய்யாத சபராளிகள் இன்னும் ஏராளம்; அந்தப் பதிவையும் இதே கூட்டத்தில் செய்து முடிக்கலாம்.

சேர்ந்து குடியேறுவதையும் யோசிக்கலாம். நான்கைந்து குடும்பங்கள் ஒரே இடத்துக்குப் போனால் பள்ளி வேன் வரும். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க ஒருவரை அமர்த்தலாம். இரவில் ஆஸ்பத்திரிக்குப் போக ஒருவர் வண்டி எடுப்பார். கடையநல்லூர்க்காரர்கள் சிங்கப்பூரில் இப்படிச் சேர்ந்து நின்றுதான் வேரூன்றினார்கள். தனித்தனியாக நான்கு மாவட்டங்களில் நான்கு மனை வாங்கிய நண்பர்கள், கடைசியில் நால்வரும் சென்னையில் வாடகைக்கு இருப்பதையும் நாம் பார்க்கிறோம்.

அடுத்த விடுமுறையில் ஊர் வரும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மனை பார்க்க இடைத்தரகரின் காரில் ஞாயிற்றுக்கிழமை பகலில் போகாதீர்கள். குடும்பத்தோடு, வேலை நாளில், மின்சார ரயிலில் போங்கள். நிலையத்தில் இறங்கி ஊர்வரை நீங்களாகவே போய்ப் பாருங்கள். டீக்கடையில் உட்கார்ந்து, தண்ணீர் எப்படி, கரண்ட் எப்படி, மழைக்கு எங்கே தேங்கும் என்று பேசுங்கள். இருட்டும்வரை இருந்துவிட்டு, அதே வழியில் திரும்பி வாருங்கள். வீடு வந்து சேர்ந்ததும் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அங்கே இருக்கலாமா?"

பதில் 'ஆம்' என்றால், இன்ஷா அல்லாஹ், முதலில் ஒரு வாடகை வீடு தேடுங்கள். பத்திரம் அதற்கப்புறம் வரட்டும்.